பல நாடுகளில் பிரிந்திருக்கும் குழுக்களில் மென்பொருள் தரச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சிலர், பிரான்சில் சிலர், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சிலர் என்று பிரிந்திருக்கும் ஒரு குழுவில் பல ஆண்டுகளாக மென்பொருள் தரச் சோதனையைக் கவனித்து வருகிறேன். புதிதாக வேலையில் சேர்பவர்களும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக முதன்முறையாகக் குழு அமைக்கும் உள்ளூர்ச் சிறு நிறுவனத்தினரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே அலுவலகத்தில் செய்யும் சோதனைக்கும் நாடு கடந்த குழுவில் செய்யும் சோதனைக்கும் என்ன வேறுபாடு?

சோதிக்கும் முறைகளில் வேறுபாடு ஏதும் இல்லை. ஒரு ஐயத்தைக் கேட்டுத் தெளிவதற்கு ஆகும் நேரந்தான் வேறுபடுகிறது. ஒரே அறையில் இருந்தால் நாற்காலியைத் திருப்பி, "இது இப்படித்தான் வர வேண்டுமா?" என்று கேட்டுவிடலாம். புதுச்சேரியில் மாலை ஐந்து மணிக்கு அமெரிக்காவில் உள்ள நிரலாளரிடம் அதே கேள்வியை எழுதி அனுப்பினால், அவர் அங்கே காலையில் எழுந்து அதைப் படித்து, "எந்த வாடிக்கையாளர் கணக்கில் பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கும்போது நாம் வீட்டுக்குப் போயிருப்போம். நம் பதில் மறுநாள் போகும். ஒரு கேள்விக்கு ஒரு நாள் என்ற கணக்கில், பத்து நிமிட வேலை நான்கு நாள் நீள்வதை எல்லாக் குழுக்களிலும் பார்க்கலாம்.

ஆகவே எழுதுபவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் படிப்பவருக்குப் புரியும்படி ஒவ்வொன்றையும் எழுதுவதும், யாரையும் கேட்காமல் தானே ஓடும்படி ஒவ்வொரு சோதனையையும் அமைப்பதுமே இந்த வகைக் குழுவில் தரத்தை உயர்த்தும் வழி. கீழே வரும் விடைகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை.

பிழை அறிக்கையை எப்படி எழுத வேண்டும்?

முன்பு எங்கள் குழுவில் வந்த அறிக்கை ஒன்றைத் தமிழில் தருகிறேன்: "பில் தொகை தவறாக வருகிறது. அவசரம். உடனே பார்க்கவும்." இதை எழுதியவர் பிழையைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார், ஆனால் அவர் கண்டது எதுவும் இந்த மூன்று வாக்கியங்களில் இல்லை. அதே பிழையை அவரோடு உட்கார்ந்து திருத்தி எழுதியபோது அது இப்படி வந்தது (பில்ட் என்பது நிரலைத் தொகுத்து எண்ணிட்ட ஒரு பதிப்பு): "சோதனைச் சர்வர், பில்ட் 412. மொத்த வியாபாரி கணக்கில் நுழைந்து, 1,250 ரூபாய் விலையுள்ள பொருள் மூன்றைச் சேர்த்த பிறகு, பத்து விழுக்காடு தள்ளுபடிக் குறியீட்டை இட்டேன். 3,375 வர வேண்டும், 3,750 வருகிறது. குறியீட்டை முதலில் இட்டுப் பிறகு பொருளைச் சேர்த்தால் தொகை சரியாக வருகிறது. பில்ட் 409-இல் இந்தப் பிழை இல்லை."

இரண்டாவது அறிக்கையைப் படிக்கும் நிரலாளருக்குத் திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. குறியீட்டை இட்டவுடன் மொத்தத் தொகையை மறுபடி கணக்கிடும் இடத்தில்தான் கோளாறு என்பதும், அது 409-க்கும் 412-க்கும் இடைப்பட்ட மாற்றத்தில் நுழைந்தது என்பதும் படித்தவுடனே தெரிந்துவிடுகின்றன. இதை எழுதக் கூடுதலாக எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த எட்டு நிமிடம் செலவழிக்க மனம் வராத சோதனையாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்தச் சூழலில் பிழை வருகிறது என்பதைப் போலவே, எந்தச் சூழலில் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். பிழையின் எல்லையை அதுதான் காட்டும்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் இணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் அன்று. படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது. மூன்று மாதம் கழித்து அதே பிழை திரும்பி வந்தால், அதைப் பதிவு செய்த பழைய டிக்கெட் யாருக்கும் அகப்படாது.

நேர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது?

முதலில் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. பிரான்சின் நேரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரம் முறையே பத்தரையும் ஒன்பதரையும் பின்தங்கியது. அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறது. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களில் மூன்று ஊர்களின் வழக்கமான கூட்ட நேரமும் குழம்பிப்போகும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படி நடக்கும். அந்த வாரங்களில் பெரிய ரிலீஸ் (புதுப் பதிப்பை வாடிக்கையாளருக்கு வெளியிடுவது) எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பிரான்சில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் பிற்பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதிலிருந்து மாலை வரை உள்ள நான்கைந்து மணி நேரம்தான் இரு தரப்பும் விழித்திருந்து வேலை செய்யும் நேரம். அதை நிலவர அறிக்கை வாசிப்பதில் கழிப்பது வீண். நிலவரத்தை எழுதி வைத்துவிடலாம். பொது நேரத்தைத் தெளிவில்லாத தேவைகளைப் பேசித் தீர்ப்பதற்கும், சிக்கலான பிழையை இருவர் ஒரே திரையில் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள்.

இரவில் தானாக ஓடும் சோதனைகளின் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் வையுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி அதிகாலை இரண்டரை மணிக்கு ஒரு சோதனையை வைத்தால், மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்த இரண்டரை மணியே இராது. நவம்பரில் ஒரு நாள் ஒன்றரை மணி இரண்டு முறை வரும்.

"முடிந்தது" என்று டிக்கெட்டில் எழுதிய பிறகும் வேலை ஏன் திரும்பி வருகிறது?

ஒவ்வொருவர் மனத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருப்பதால்தான். நிரல் எழுதி முடித்ததை ஒருவர் முடிந்தது என்கிறார். மற்றொருவர் சோதனைச் சர்வரில் ஏற்றியதை அப்படிச் சொல்கிறார். வாடிக்கையாளரோ தன் கணினியில் பயன்படுத்த முடிந்தால்தான் அந்தச் சொல்லை ஏற்கிறார். ஆகவே குழு தொடங்கும் நாளிலேயே, எந்தெந்தச் சோதனை ஓடியிருக்க வேண்டும், யார் பார்த்திருக்க வேண்டும், எந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி, எல்லா ஊரிலும் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டு குழுக்கள் செய்த பகுதிகள் தனித்தனியே சரியாக ஓடுகின்றன. சேர்த்தால் பிழை வருகிறது. ஏன்?

மென்பொருளின் அமைப்பு அதைச் செய்யும் நிறுவனத்தின் பேச்சுவார்த்தை அமைப்பை ஒத்திருக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். குழுக்கள் எங்கே குறைவாகப் பேசிக்கொள்கின்றனவோ, அங்கேதான் நிரலிலும் விரிசல் விழுகிறது. இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம். ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் தந்தது. மறு தரப்பு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நாலரை மடங்குக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு. 1999 செப்டம்பர் 23 அன்று விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. மெட்ரிக் அளவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. எழுதியிருந்ததை ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் நடக்கவில்லை.

நம் வேலையில் இதற்கு ஒப்பந்தச் சோதனை என்ற முறை உதவும். ஒரு சேவையைப் பயன்படுத்தும் குழு, தான் எந்தக் கேள்வியை அனுப்பும், எந்த வடிவில் விடையை எதிர்பார்க்கிறது என்பதை ஓடக்கூடிய சோதனையாகவே எழுதிக் கொடுக்கிறது. சேவையைத் தரும் குழு, தன் ஒவ்வொரு பில்டிலும் அந்தச் சோதனையை ஓட்டுகிறது. ரூபாயா, பைசாவா? தேதி எந்த வரிசையில்? 03/04 என்று எழுதினால் நமக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஏப்ரல் 3, அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதினால் மூவருக்கும் ஒரே நாள்தான். இத்தகைய ஐயம் எழும்போது தொலைபேசியில் கேட்டுத் தெளிந்தால் மட்டும் போதாது. தெளிந்ததை ஒரு சோதனையாக எழுதி வைத்தால்தான் அடுத்து வருபவருக்கும் அது பயன்படும்.

சோதனைக்கான தரவில் தமிழ்ப் பெயர்களையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுக் குழு நினைத்துப் பார்க்க முடியாத பிழைகளை நாம் கண்டுபிடித்துத் தரக்கூடிய இடம் இது. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயருக்கான பெட்டியில் ஐம்பது எழுத்து வரை இடலாம் என்பது தேவை. பிரான்சில் உள்ள குழு, குறியிட்ட எழுத்துகள் உள்ள தங்கள் ஊர்ப் பெயர்களை இட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று குறித்தது. கடலூரிலிருந்து வேலை செய்யும் எங்கள் சோதனையாளர் தன் வீட்டு முகவரியை இட்டு, "திருப்பாதிரிப்புலியூர்" என்று தட்டினார். சேமித்துத் திரும்பத் திறந்தபோது "திருப்பாதிரிப்பு" என்பதோடு நின்று, அதன் பின்னே கறுப்புக் கேள்விக்குறி ஒன்று இருந்தது.

காரணம் எளிது. அந்தப் பெயர் நம் கண்ணுக்குப் பதினொரு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு தரும் யூனிகோடில் 'தி' என்பது தகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். அப்படி எண்ணினால் மொத்தம் இருபத்திரண்டு. அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பு இடத்தின் சிற்றலகு) வேண்டும். ஆக அறுபத்தாறு பைட். தரவுத்தளமோ ஐம்பது பைட் என்று எண்ணிக்கொண்டிருந்தது. பதினாறு குறியீடுகள் நாற்பத்தெட்டு பைட்டில் முடிய, பதினேழாவது நடுவே வெட்டுப்பட்டது. பிரெஞ்சுக் குறியெழுத்துகளுக்கு இரண்டே பைட், அவையும் ஒரு பெயரில் ஒன்றிரண்டுதான் வரும் என்பதால் அவர்கள் சோதனையில் இது தென்படவே இல்லை. "புதுச்சேரி" என்று மட்டும் இட்டுப் பார்த்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திராது. அதற்கு முப்பது பைட்தான்.

அதுபோலவே, குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்திருப்பவர்கள், ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்கள், லட்சம், கோடி என்று பிரித்துக் காற்புள்ளி இடும் நம் வழக்கம், காற்புள்ளியையே தசமப் புள்ளியாக இடும் பிரெஞ்சு வழக்கம் ஆகியவை எல்லாம் சோதனைத் தரவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊரில் உள்ளவரும் தம் ஊருக்கே உரிய பத்துத் தரவுகளைப் பொதுக் கோப்பில் சேர்க்கலாம்.

நிரலை மற்றவர் படித்துப் பார்ப்பது, கடல் கடந்த குழுவில் பயன் தருமா?

தரும், மாற்றம் சிறியதாக இருந்தால். நிரலை முறைப்படி கூடிப் படிக்கும் வழக்கத்தை ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கிய மைக்கேல் ஃபேகன், அதை 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய முறையில் நடத்துபவர், எழுதியவர், சோதிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு அந்த மேசை இல்லை. இரண்டாயிரம் வரி மாற்றத்தை மாலையில் அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுவார். இருநூறு வரி அனுப்பினால் உண்மையில் படிப்பார். பணக் கணக்கு, கடவுச்சொல், அனுமதி ஆகியவற்றைத் தொடும் மாற்றங்களை மட்டும் பொது நேரத்தில் இருவராக உட்கார்ந்து படியுங்கள். உள்தள்ளல், காற்புள்ளி போன்றவற்றைக் கருவிகளே திருத்தட்டும். அவற்றைச் சுட்டிக்காட்டுவதில் மனிதர்கள் ஒரு நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

தானியங்கிச் சோதனை சில நேரம் தோற்கிறது, மறுபடி ஓட்டினால் வெல்கிறது. அதை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இதற்கும் எங்கள் குழுவில் நடந்ததே சான்று. பில் தேதியைச் சரிபார்க்கும் ஒரு சோதனை இரவு இரண்டு மணிக்கு ஓடும்போதெல்லாம் தோற்கும். காலையில் வருபவர் மறுபடி ஓட்டுவார். பச்சை விளக்கு வரும். சில வாரங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு சோதனையாளர் பொறுமையாகத் தோல்விகளின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். எல்லாமே நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடையே இருந்தன. அந்த ஐந்தரை மணி நேரத்தில் இந்தியாவில் புது நாள் பிறந்திருக்கும்; யூடிசி கணக்கிலோ முந்தைய நாளே நடந்துகொண்டிருக்கும். குறை சோதனையில் இல்லை, மென்பொருளில்தான் இருந்தது. அந்த நேரத்தில் போடப்படும் ஒவ்வொரு பில்லிலும் முதல் நாள் தேதி விழுந்துகொண்டிருந்தது. மாதக் கடைசி இரவாக இருந்திருந்தால் வரிக் கணக்கே மாறியிருக்கும்.

நம்பிக்கை இழந்த சோதனையைத் தனியே ஒதுக்கி, ஒருவர் பெயரில் பொறுப்பைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பல ஊர்களில் உள்ள குழுவில் இது இன்னும் முக்கியம். சிவப்பு விளக்கைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அதை வேறு ஊரில் உள்ளவர் கவனிப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்பது விழுக்காடு நிரல் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்கிறார். அது போதுமா?

அந்த எண், சோதனையின்போது நிரலின் ஒரு வரி ஓடியதா என்பதை மட்டுமே சொல்லும். விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காத சோதனையை எழுதியும் நூறு விழுக்காட்டை எட்டிவிடலாம். நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு தவறை நுழைத்து, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் முறை 1970-களிலிருந்தே அறியப்பட்டது. முழுவதற்கும் அதைச் செய்ய நேரம் இல்லாவிட்டாலும், பணக் கணக்குப் பகுதியில் கூட்டலைக் கழித்தலாக மாற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

குறை இருக்கிறது என்று தெரிந்தும் ரிலீஸை நிறுத்தச் சொல்ல எங்கள் சோதனையாளர்கள் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். தொலைபேசிக் கூட்டத்தில் மேலாளர் பேசி முடித்ததும் நம் பிள்ளைகள் "சரி" என்கிறார்கள். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு, நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்ற பொருளும் உண்டு. மறுமுனையில் உள்ளவர்கள் அதை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்தவர்கள், ஆங்கிலத்தில் தடுமாறிவிடுவோமோ என்ற அச்சமும் சேர, தாங்கள் கண்ட குறையை விழுங்கிவிடுகிறார்கள். திறமைக் குறைவால் தவறவிட்ட பிழைகளைவிட, கண்டும் சொல்லாமல் விட்ட பிழைகளே என்னை அதிகம் வருத்தியிருக்கின்றன.

"புரிந்ததா?" என்று கேட்பதை விடுத்து, "நீங்கள் முதலில் எதைச் சோதிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள், விடையிலேயே புரிதல் தெரிந்துவிடும். ரிலீஸுக்கு முந்தைய நாள் ஒவ்வொரு சோதனையாளரும் தம் கருத்தை எழுத்தில் தர வேண்டும் என்று வையுங்கள். பேசத் தயங்குபவர் எழுதத் தயங்குவதில்லை. எந்த வகைக் குறை இருந்தால் ரிலீஸ் தானாக நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டுவிட்டால், நிறுத்தும் பழி எந்த ஒருவர் மீதும் விழாது. அப்படி நிறுத்தியவரை அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

உண்மையான வாடிக்கையாளர் தரவைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ளன. இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெயர், எண் முதலியவற்றை மாற்றிய தரவையோ புதிதாக உருவாக்கிய தரவையோ மட்டுமே சோதனைச் சர்வரில் வையுங்கள்.

விடுமுறை, புயல் போன்றவற்றுக்கு எப்படித் திட்டமிடுவது?

நாட்டின் விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. புதுச்சேரியில் ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் விடுமுறை. அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் இருக்கும் கடலூரில் அவை வேலை நாள்கள். நவம்பர் 1 பிரான்சிலும் விடுமுறை. ஆகவே அன்று அமெரிக்காவில் விடியும் வரை கடலூரில் இருப்பவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். அதுவரை அவருக்கு ஐயம் வந்தால் கேட்க ஆள் இராது. ஊர்வாரியாக ஒரே நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

புயலை நாம் மறக்கவே கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. சோதனை ஓடும் இயந்திரம் ஒருவர் மேசைக்கடியில் இருந்தால், அவர் தெருவில் தண்ணீர் நின்ற அன்று மூன்று நாட்டு வேலையும் நின்றுவிடும். சோதனைகள் பொதுச் சர்வரில் இருக்க வேண்டும். அவற்றை ஓட்டும் வழிமுறை நிரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும். வேறு ஊரில் உள்ள ஒருவர் அதைப் படித்துத் தாமே ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இந்த ஒத்திகையைச் செய்து முடிப்பது எங்கள் குழுவின் வழக்கம்.

எங்கள் குழுவில் நான்கே பேர். எதிலிருந்து தொடங்குவது?

கருவி வாங்குவதில் தொடங்க வேண்டாம். வாடிக்கையாளர் கண்ணில் பட்ட கடைசிப் பத்துப் பிழைகளின் டிக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்குப் போய் வந்தது என்று எண்ணுங்கள். மிக அதிகமாக அலைந்த டிக்கெட்டைத் திறந்து, முதல் நாளே எந்த ஒரு தகவல் அதில் இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் நேர்ந்திராது என்று நால்வரும் சேர்ந்து பாருங்கள். அந்தத் தகவலைப் பிழை அறிக்கைப் படிவத்தில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டமாகச் சேர்த்துவிட்டு, மறுநாள் இரண்டாவது டிக்கெட்டைத் திறக்கலாம்.